நீலகிரித் தொகுதியில் ஊட்டியின் ஓட்டு எவ்வளவு?

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது: "2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு ஊட்டியில் இருந்தேன். டாக்சி ஓட்டுநர், வர்க்கிக் கடைக்காரர், காட்டேஜ் மேலாளர் என்று பேசிய எல்லோரும் இருக்கும் எம்.பி. மேல் அலுத்துக்கொண்டார்கள். முடிவு வந்தபோது அதே திமுக எம்.பி. ஆ.ராசா 2,40,585 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். என்னிடம் பேசியவர்கள் பொய் சொன்னார்களா, அல்லது தேர்தலில் ஏதோ நடந்ததா?"

இரண்டும் இல்லை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். நீங்கள் கேட்ட இடம்தான் தவறு. நீலகிரி மக்களவைத் தொகுதி என்பது நீலகிரி மாவட்டம் அல்ல. இதை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ளாமல் அந்தத் தொகுதியைப் பற்றி எது பேசினாலும் கணக்கு உதைக்கும். தொலைக்காட்சி விவாதங்களில் உட்காருபவர்களே இதில் வழுக்குகிறார்கள் என்பதால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். இந்தத் தொகுதிக்குள் மலையிலும் கீழேயுமாகச் சில தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். அந்த அனுபவமும், ஓட்டு எண்ணிக்கையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கும் பழக்கமும்தான் என் மூலதனம்.

தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மூன்றும் மலைமேல், நீலகிரி மாவட்டத்தில். மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில், அவிநாசி திருப்பூர் மாவட்டத்தில், பவானிசாகர் ஈரோடு மாவட்டத்தில். ஆக, ஒரு எம்.பி.க்கு நான்கு மாவட்டங்கள், நான்கு ஆட்சியர்கள். 2024இல் மொத்த வாக்காளர்கள் 14 லட்சத்துக்கு மேல். மலைமேல் இருக்கும் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். கீழே இருக்கும் ஒவ்வொன்றும் அதைவிடப் பெரியது. மேட்டுப்பாளையத்தில் மூன்று லட்சத்தை ஒட்டி வரும். கூட்டிப் பார்த்தால் பத்து ஓட்டில் சுமார் ஆறு சமவெளியில் விழுகிறது. பெயர்ப்பலகை மலையில் தொங்குகிறது, கல்லாப்பெட்டி கீழே இருக்கிறது.

இந்த விகிதம் மலைக்குச் சாதகமாக மாறப்போவதும் இல்லை. 2001இல் 7,62,141 பேர் இருந்த நீலகிரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர்தான் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் அதுதான். தேயிலை கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும், திருவிழாவுக்குத் திறக்கும்.

இப்போது உங்கள் டாக்சி ஓட்டுநருக்கு வருவோம். சுற்றுலா என்பது ஊட்டியில் கண்ணுக்குத் தெரிகிற தொழில்களில் முதலிடம், ஓட்டுக்குத் தெரிகிற தொழில்களில் கடைசி இடம். பெரிய விடுதி முதலாளிகளில் பலரின் ஓட்டு வெளியூரில். அறை பெருக்குகிற, சமையல் கட்டில் நிற்கிற இளைஞர்களில் பாதிப்பேர் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஓட்டு ஜார்க்கண்டிலோ அஸ்ஸாமிலோ இருக்கும். சீசனுக்காகச் சமவெளியிலிருந்து ஏறி வந்து ஸ்வெட்டர் விற்பவர், கேரட் விற்பவர் ஓட்டுப் போட இறங்கிப் போவாரா என்பது அன்றைய வியாபாரத்தைப் பொறுத்தது. மிச்சம் இருப்பவர்கள் உள்ளூர் வண்டிக்காரர்கள், சிறு காட்டேஜ் நடத்துபவர்கள், கடைக்காரர்கள். அவர்களுக்கு மனக்குறை நிறைய உண்டு. எண்ணிக்கை இல்லை.

தேதியும் அவர்களுக்கு எதிராகவே அமைகிறது. 2004 முதல் மக்களவைத் தேர்தல் ஏப்ரல், மே மாதங்களிலேயே வந்து உட்காருகிறது. மலையில் அதுதான் சீசன், ஆண்டு வருமானத்தை அள்ளிக்கொள்ளும் எட்டு வாரங்கள். 2024இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மூன்று நாள் விடுமுறை என்றால் சமவெளிக்காரர் ஊட்டிக்கு வண்டி ஏறத்தான் பார்ப்பார். இதற்கு நடுவில் தேர்தல் ஆணையத்தின் பறக்கும் படைகள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கையில் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும் என்ற விதி, மூன்று மாநிலம் சந்திக்கும் மலையில் சோதனைச் சாவடிதோறும் சுற்றுலாப் பயணிகளை மாட்டிவைக்கும். அந்த ஆண்டு வெளிமாநிலத் தம்பதி ஒருவரிடம் பறிமுதல் செய்த பணத்தைப் பிறகு திருப்பிக் கொடுத்த செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. விடுதிக்காரர்களுக்குத் தேர்தல் என்றாலே எரிச்சல் வருவதில் வியப்பில்லை. அந்த எரிச்சலைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கை பாருங்கள். சுற்றுலாத் தொழிலை உண்மையாகவே உலுக்கிய, வெளியூர் வண்டிகள் முன்பதிவு செய்தே வரவேண்டும் என்ற இ-பாஸ் முறை அந்தத் தேர்தலில் பேசுபொருளே அல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி அது நடைமுறைக்கு வந்தது 2024 மே 7. ஓட்டுப்பெட்டிக்குச் சீல் வைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பிறகு 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பு வந்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. வணிகர்கள் ஒரு நாள் முழுக்கக் கடையடைத்தார்கள். யார் மேல் கோபப்படுவது என்பதில் அவர்களுக்கே குழப்பம், ஏனென்றால் உத்தரவு போட்டது எந்தக் கட்சியும் இல்லை, நீதிமன்றம். சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகளுக்குச் சீல் வைத்த விவகாரமும் இப்படித்தான். உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. மசினகுடிப் பக்கம் ஜீப் ஓட்டிப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடி விழுந்தது உண்மை. ஆனால் அதை ஓட்டாக மாற்ற எந்த வேட்பாளராலும் முடியவில்லை. யானைக்கு எதிராகப் பேசி ஓட்டு வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை, யானைக்காகப் பேசினால் ஓட்டு இல்லை.

மலைமேல் ஓட்டாக மாறுகிற விஷயம் ஒன்று உண்டென்றால் அது பசுந்தேயிலை விலை. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில், ஹட்டி என்றால் மலையில் வாழும் படகர் சமூகத்தின் ஊர், மதியம் மூன்று மணிக்கு இலை எடை போடும் கொட்டகையில் நின்று பாருங்கள். பெண்கள் சாக்கில் இலையைக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். தராசில் தொங்கவிட்டு ஏஜென்ட் எடையைச் சொல்வார். மழை பெய்திருந்தால் ஈரத்துக்கு என்று ஒரு பங்கைக் கழிப்பார். கழித்தது போக எழுதிய எடையைச் சிறு புத்தகத்தில் குறித்துக் கொடுப்பார். விலை அன்றைக்குத் தெரியாது, அதுதான் முக்கியம். அந்த மாதத்துக்கு என்ன விலை என்பது ஏலத்தில் தேயிலைத் தூள் போன விலையை வைத்துப் பிறகு முடிவாகும். நாலரைக் கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். இலை கொடுத்துவிட்டு, விலை என்ன என்று தெரியாமல் வீட்டுக்குப் போகும் விவசாயி வேறு எந்தப் பயிரில் இருக்கிறார்? நான் அப்படி நின்றிருந்த ஒரு நாளில் ஒரு கட்சியின் பிரசார வண்டி ஒலிபெருக்கியோடு கடந்து போனது. எடைக்கு நின்ற ஒரு பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்காமல், "முதல்ல இந்தப் புத்தகத்துல விலையை எழுதச் சொல்லுங்க" என்றார். வண்டியில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது.

1990களின் இறுதியில் சரிந்த விலை, நடுவில் சில நல்ல மாதங்களைத் தவிர, சிறு விவசாயியின் கூலிச் செலவுக்கு ஈடாக எழுந்து நிற்கவே இல்லை. 2023 செப்டம்பரில் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டுக் கோத்தகிரிப் பகுதியில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தேயிலை வாரியம் ஒன்றிய வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆகவே நியாயப்படி இது மக்களவைத் தேர்தலுக்கு உரிய பிரச்சினை. படகர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையும் அப்படியே, அந்தப் பட்டியலை நாடாளுமன்றச் சட்டம்தான் திருத்த முடியும். 1960இல் தொடங்கப்பட்டு ஊட்டி இந்து நகரில் நோயாளியாகக் கிடந்து கடைசியில் மூடிப்போன ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் ஒன்றிய அரசின் நிறுவனம். எத்தனை தேர்தலில் அதைத் திறப்பதாக வாக்குறுதி கேட்டிருப்போம் என்று விரல் விட்டு எண்ணினால் விரல் போதாது.

ஆக, டெல்லியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மலையில் மற்ற இடங்களைவிட அதிகம். இருந்தும் ஏன் அவை முடிவைத் தீர்மானிப்பதில்லை? எண்ணிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணம், மலை ஒரே மலை அல்ல.

குன்னூர், கோத்தகிரி, உதகையின் ஹட்டிகளில் படகர்கள். அவர்களுக்குத் தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தை என நான்கு சீமைகள். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் உலகமே வேறு. அங்கே 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பிய தமிழர்கள், மலையாளம் பேசுபவர்கள், செட்டி சமூகத்தார், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினர். அவர்களின் பிரச்சினை தேயிலை விலை மட்டும் இல்லை, நிலம். 1969 ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் வரும் பிரிவு 17 என்பதைக் கூடலூரில் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த நிலத்தில் வீடு கட்டியவருக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கு அலைச்சல். தேர்தலுக்குத் தேர்தல் மின் இணைப்பு வாக்குறுதி வரும். இரவில் யானையும் வரும். அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலை. வெலிங்டன், அருவங்காட்டில் ராணுவமும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் சார்ந்த குடும்பங்கள். இவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, சாய்வதும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மலையின் மூன்று தொகுதிகளிலும் வெற்றி வித்தியாசம் 6,000 ஓட்டுக்குள்தான் இருந்தது. உதகை காங்கிரசுக்கு, குன்னூர் திமுகவுக்கு, கூடலூர் அதிமுகவுக்கு. மலையின் ஓட்டுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று சொல்லலாம்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பழங்குடிகளுக்குப் பெயர் போன தொகுதி இது. ஆனால் 2008 தொகுதி மறுசீரமைப்பில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பலருக்கு இது விளங்குவதில்லை. நீலகிரி மாவட்டத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை, பட்டியல் சாதியினர் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பியோரின் கணிசமான குடும்பங்களும் இதில் அடக்கம். ஒதுக்கீடு நியாயமானதே. ஆனால் இதன் பக்கவிளைவு, படகர் ஒருவர் எம்.பி. ஆகும் வழி அடைபட்டதுதான். 1962இல் அக்கம்மா தேவி, 1967இல் நஞ்சா கவுடர், 1971இல் மாதா கவுடர், 1998, 1999இல் மாஸ்டர் மாதன் என்று வரிசையாக டெல்லிக்கு ஆள் அனுப்பிய சமூகம் அது. இப்போது வேட்பாளர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ராசா பெரம்பலூர்க்காரர். பெரம்பலூர் பொதுத் தொகுதியாக மாறியதால் 2009இல் இங்கே ஏறி வந்தவர். 2024இல் எதிர்த்து நின்ற பாஜகவின் எல்.முருகன் நாமக்கல் மாவட்டத்துக்காரர். அதிமுகவின் லோகேஷ் தமிழ்ச்செல்வன், அப்போதைய அவிநாசி எம்.எல்.ஏ. ப.தனபாலின் மகன், அந்த வகையில் அவர் ஒருவரைத்தான் தொகுதிக்கு நெருக்கமானவர் என்று சொல்லலாம். அதுவும் கீழேயிருக்கும் பகுதிக்கு.

சமவெளிக்கு வருவோம். இங்கேதான் ஆறு பங்கு இருக்கிறது என்றேன். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகள், பாக்கு, கறிவேப்பிலை. அவிநாசி, அன்னூர் பக்கம் விசைத்தறி, மானாவாரி நிலம், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறும் தொழிலாளர்கள். அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே பேச்சு, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். பவானி ஆற்றின் உபரி நீரைக் குழாயில் ஏற்றிக் குளம் குட்டைகளை நிரப்பும் அந்தத் திட்டத்துக்கு 2019இல் அதிமுக ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள், 2024 ஆகஸ்டில் திமுக ஆட்சியில் திறந்துவைத்தார்கள். இரண்டு கட்சிகளும் தங்கள் குழந்தை என்கின்றன. அன்னூர் வட்டாரத்தில் 2022இல் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுப்பதற்கு எதிராக விவசாயிகள் கிளம்பியபோது ஊரே கொதித்தது. பவானிசாகர் தொகுதியில் சத்தியமங்கலத்தின் மல்லிகை, அணைக்குக் கீழே நெல்லும் வாழையும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கன்னடம் பேசும் தாளவாடி. ஊட்டி மலர்க் கண்காட்சியைப் பற்றித் தாளவாடிக்காரரிடம் கேட்டால் சிரிப்பார்.

பிரதமர் மோடி 2024 ஏப்ரல் 10 அன்று முருகனுக்காகப் பேசிய கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? மேட்டுப்பாளையத்தில். மலையடிவாரம், கோவைத் தொகுதியும் பக்கம். கூட்டம் சேர்ப்பவர்களுக்கு ஓட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். ராகுல் காந்தி அதே மாதம் 15ஆம் தேதி நீலகிரியின் தாளூரில் ஹெலிகாப்டரில் இறங்கினாரே என்று கேட்பீர்கள். அவர் போய்க்கொண்டிருந்தது வயநாட்டுக்கு. தாளூர் அந்த எல்லையில் இருக்கிறது.

வேட்பாளரின் பாடு இன்னும் மோசம். சேரம்பாடியில் காலையில் மலையாளத்திலும் தமிழிலும் ஓட்டுக் கேட்டுவிட்டு மாலை அவிநாசிக்கு வர நினைத்தால் கூடலூர், ஊட்டி, குன்னூர், பர்லியாறு என்று முழு மலையையும் ஏறி இறங்க வேண்டும். தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டத்துக் கிராமம். ஆனால் அங்கே போகக் கீழே பவானிசாகர் வழியாகக் காட்டுப்பாதையில் பஸ்ஸில் போய், மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். இப்படிப்பட்ட தொகுதியில் ஒவ்வொரு ஊராகப் போய் மனத்தை மாற்றுவது என்பது மேடைப் பேச்சு. வாக்குச்சாவடிக்கு ஆள் வைத்திருக்கும் கட்சிகளே இங்கே நிற்க முடியும். அதாவது இரண்டு திராவிடக் கட்சிகளும், அவற்றோடு கைகோத்தவர்களும்.

கடந்த நாற்பது ஆண்டுகளின் முடிவுகளைப் பாருங்கள், இது தெளிவாகிவிடும். 1980 முதல் 2004 வரை இந்தத் தொகுதியில் ஜெயித்தவர்கள் எல்லோரும் ஏதாவதொரு திராவிடக் கட்சியின் கூட்டாளிகள்தான். காங்கிரசின் ஆர்.பிரபு 1980இல் திமுகவின் தோளில் ஏறி ஜெயித்தார். 1984, 1989, 1991இல் அதிமுகவின் தோளில். 1996இல் திமுக கூட்டணியில் தமிழ் மாநில காங்கிரசின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம். 1998இல் அதிமுக கூட்டணியில் பாஜகவின் மாஸ்டர் மாதன். அடுத்த ஆண்டே திமுக கூட்டணியில் அதே மாதன். 2004இல் திமுக காங்கிரசோடு சேர்ந்தது, பிரபு திரும்பி வந்தார். மாதன் மலையின் மண்ணின் மைந்தர், நல்ல பெயர் எடுத்தவர், சந்தேகமே இல்லை. ஆனாலும் அவரைத் தூக்கிச் சென்ற தோள் ஒரே ஆண்டில் மாறியதையும், முடிவு மாறாததையும் யோசித்துப் பார்த்தால் எது குதிரை எது வண்டி என்பது விளங்கும்.

2009இல் ராசா 86,021 ஓட்டில் ஜெயித்தார். 2014இல் அதிமுகவின் சி.கோபாலகிருஷ்ணனிடம் 1,04,940 ஓட்டில் தோற்றார். நடுவில் அலைக்கற்றை வழக்கு, பதவி விலகல், சிறை எல்லாம் நடந்திருந்தன. ஆனால் 2014இல் அதிமுக தமிழ்நாட்டில் 39இல் 37 இடங்களைப் பிடித்தது என்பதையும் மறக்கக் கூடாது. வழக்கு இல்லாத திமுக வேட்பாளர்களும்தான் தோற்றார்கள்.

அந்த 2014 தேர்தலில் ஒரு விசித்திரம் நடந்தது. பாஜக வேட்பாளரின் மனு, கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்தில் வந்து சேராததால் தள்ளுபடியானது. அந்தக் கட்சிக்கும் அதன் கூட்டணிக்கும் தொகுதியில் ஆளே இல்லை. நான் அன்று பணியில் இருந்த சாவடிக்கு ஒரு பெரியவர் வந்தார். விரலில் மை வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு அருகே போனவர் அங்கேயே நின்றார். பிறகு மறைப்புக்கு மேலே தலையை நீட்டி, "தாமரை எங்கே சார்?" என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முகவர்கள் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் 'பீப்' சத்தம் கேட்டது. எதை அழுத்தினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறை நோட்டாவுக்கு நீலகிரியில் விழுந்த ஓட்டு 46,559. நாட்டிலேயே அதுதான் அதிகம். முதன்முதலாக மக்களவைத் தேர்தலில் நோட்டா வந்த ஆண்டு அது. காங்கிரஸ்கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. மலைவாசிகள் அரசியலை வெறுத்துப் போட்டது என்று அப்போது எழுதினார்கள். விரக்தியும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. என் கணிப்பில் அதில் பெரும்பங்கு, தேடி வந்த சின்னம் இல்லாமல் போனவர்களுடையது.

2019இல் ராசா 5,47,832 ஓட்டு வாங்கினார், அதிமுகவின் தியாகராஜன் 3,42,009. வித்தியாசம் 2,05,823. 2024க்கு வாருங்கள். ராசா 4,73,212, முருகன் 2,32,627, லோகேஷ் தமிழ்ச்செல்வன் 2,20,230. இங்கே நிதானியுங்கள். ராசாவின் ஓட்டு 74,620 குறைந்திருக்கிறது, வித்தியாசமோ 34,762 கூடியிருக்கிறது. உங்கள் டாக்சி ஓட்டுநரும் வர்க்கிக் கடைக்காரரும் சொன்ன அலுப்பு அந்த 74 ஆயிரத்தில் எங்கோ இருக்கிறது. ஆனால் எதிர்ப்பு ஓட்டு நடுவில் வெட்டுப்பட்டு ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்த அலுப்பு கணக்கில் வெற்றியாகத் தெரிகிறது.

அப்படியானால் அதிமுகவும் பாஜகவும் சேர்ந்திருந்தால் ராசா தோற்றிருப்பாரா? எல்லோரும் அடுத்துக் கேட்பது இதைத்தான். காகிதத்தில் கூட்டினால் இருவருக்கும் 4,52,857. அப்போதும் ராசா 20,355 முன்னால். ஆனால் காகிதக் கூட்டல் தேர்தலில் அப்படியே நடப்பதில்லை. கூட்டணி சேர்ந்தால் சோர்ந்திருந்த தொண்டர் வேலை செய்வார், அதனால் கொஞ்சம் கூடும். மேட்டுப்பாளையத்திலும் கூடலூரிலும் கணிசமாக இருக்கும் சிறுபான்மையினரில் அதிமுகவுக்குப் போட்டவர்கள் விலகுவார்கள், அதனால் கொஞ்சம் குறையும். இழுபறியாகியிருக்கும் என்பதற்கு மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் இருவரும் ஒன்றாக நின்றபோது ஆறில் நான்கை அதிமுக வென்றது. அவிநாசியில் தனபாலின் வித்தியாசம் மட்டும் சுமார் 50,000. மூன்று ஆண்டில் மக்கள் மனம் அவ்வளவு தலைகீழாக மாறிவிடாது. மாறியது அணி வகுப்பு.

ராசாவின் பேச்சுகள் பாதிக்கவில்லையா என்றும் சிலர் கேட்பார்கள். மனுஸ்மிருதி பற்றி அவர் பேசியதற்கு எதிராக 2022 செப்டம்பரில் தொகுதியில் கடையடைப்பு நடந்தது. பாஜகவின் 2024 பிரசாரம் பெருமளவு அதை ஒட்டியே சுழன்றது. விளைவு முருகனின் இரண்டாமிடத்தில் தெரிகிறது. இரண்டு திராவிடக் கட்சிகளின் துணையும் இல்லாமல் தாமரைக்கு இவ்வளவு ஓட்டு விழுந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அதிமுகவின் பழைய கூடையிலிருந்து. ராசாவின் கூடைக்குள் அது அதிகம் கை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"தேர்தலில் ஏதோ நடந்ததா" என்று நீங்கள் கேட்டதற்கும் ஒரு வரி. ஊட்டியில் இயந்திரங்கள் வைத்திருந்த அறையின் கண்காணிப்புக் கேமராத் திரைகள் ஏப்ரல் 27 மாலை சுமார் இருபது நிமிடம் அணைந்துபோயின. வெப்பத்தால் ஏற்பட்ட கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். ஊட்டியில் வெப்பமா என்று பலரும் கேலி செய்தார்கள். ஆனால் அதே நாட்களில்தான் அங்கே 29 டிகிரி பதிவாகி எழுபது ஆண்டுக்கு மேலான பதிவுகளை உடைத்தது. அறைக்குப் போட்ட முத்திரை முத்திரையாகவே இருந்தது. இரண்டரை லட்சத்தை நெருங்கும் வித்தியாசத்தை இருபது நிமிடத்தில் தேட வேண்டாம்.

அடுத்த மக்களவைத் தேர்தலில் மறுபடி வருவீர்களானால், முதல் நாளை அன்னூர் பஸ் நிலையத்திலும் இரண்டாம் நாளைச் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டிலும் செலவழியுங்கள். யார் யாரோடு கூட்டணி என்று அதற்குள் முடிவாகியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே ஏறி கூடலூரில் ஒரு பகல், ஏதாவது ஒரு ஹட்டியின் இலைக் கொட்டகையில் ஒரு மாலை. ஊட்டிக்குக் கடைசியாக வாருங்கள். அங்கே டாக்சி ஓட்டுநரிடம் பேசுவதானால், எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்னால், "உங்கள் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள்.